கிரிப் சுத்தம், ஆனாலும் கார்ட் இல்லை: கடை கிரெடிட் கார்ட் மறுக்கப்பட்டால் கொழும்பில் செய்ய வேண்டியவை

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். யாராவது கிரெடிட் கார்ட்டுக்கோ லீசிங்குக்கோ விண்ணப்பித்தால் சம்பள உறுதிக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. வங்கியிலிருந்து "இவர் உங்களிடம் வேலை செய்கிறாரா" என்று கேட்டு வரும் அழைப்பும் என் மேசைக்குத்தான் வரும். கார்ட் கிடைத்தவர்கள் திரும்பி வந்து எதுவும் சொல்வதில்லை. கிடைக்காதவர்கள் வருவார்கள். "அக்கா, கிரிப்பில ஒரு பிரச்சினையும் இல்லையாம். ஆனா கார்ட் தர ஏலாதாம். இது என்ன ஞாயம்?"

ஞாயமோ இல்லையோ, காரணம் ஒன்று இருக்கும். கிரிப் என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை பதில் சொல்வது ஒரு கேள்விக்குத்தான்: வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாரா? கார்ட் தருகிறவர்கள் அதோடு நிற்பதில்லை. இந்த ஆள் யார், எங்கே இருக்கிறார் என்பது உறுதியா? இன்னொரு கடனைத் தாங்குவாரா? இந்த இரண்டையும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று ஊரிலிருந்து வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து வேலைக்குப் போகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான்.

"இல்லை" என்றவர் யார்?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் நின்று படிவம் நிரப்பியதால் கடைதான் மறுத்தது என்று நினைத்து ஷோரூம் மனேஜரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர் பாவம், அவருக்கு வந்தது ஒரு வரி மெசேஜ் மட்டும்.

இங்கே "கடை கார்ட்" என்ற பெயரில் நாலு வகை சாமான் ஓடுகிறது. ஒன்று, புள்ளி சேர்க்கும் அட்டை. கீல்ஸில் காட்டும் நெக்சஸ் மாதிரி. அதில் கடன் கிடையாது, மறுக்கவும் எதுவும் இல்லை. இரண்டாவது, கடையின் பெயரும் வங்கியின் பெயரும் சேர்ந்து அச்சான கிரெடிட் கார்ட். கடையின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முடிவு எடுப்பது வங்கி அல்லது நிதி நிறுவனம்தான். மூன்றாவது, கடையிலேயே தவணைக்கு எடுக்கும் முறை. நம் பாட்டிமார் தையல் மெஷின் வாங்கிய பழைய வழி இதுதான். சிங்கர் இந்த நாட்டுக்கு வந்தது 1877இல். இதற்குப் பிணையாளிகள் கேட்பார்கள், சில கடைகள் தங்கள் சொந்த நிதிக் கம்பனி வழியாகவே செய்யும். நாலாவது, கோகோ, மின்ட்பே போல விலையை மூன்றாகப் பிரித்துக் கட்டும் செயலிகள்.

உங்கள் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். "விண்ணப்பதாரரின் தகவலைப் பெற இன்ன நிறுவனத்துக்கு அனுமதி அளிக்கிறேன்" என்ற வரியில் வருகிற பெயர்தான் நீங்கள் பேச வேண்டிய இடம். படிவத்தின் படம் கையில் இல்லையென்றால் விற்பனையில் நின்ற பிள்ளையிடமே கேளுங்கள். அவர்களுக்கு அது தெரியும், சொல்லவும் தயங்கமாட்டார்கள்.

அதே கிழமையில் இன்னொரு படிவம் வேண்டாம்

மறுப்பு வந்த கோபத்தில் அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று போடுவது நம்மவர்களின் வழக்கம். ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது, இன்னார் விசாரித்தார் என்று அந்த அறிக்கையிலேயே பதிவாகும். குறுகிய காலத்தில் நாலைந்து விசாரணை இருந்து, ஒரு புதிய கடனும் இல்லையென்றால், பார்ப்பவருக்குக் கதை விளங்கிவிடும்: எல்லாரும் மறுத்திருக்கிறார்கள், அல்லது இவருக்கு அவசரமாகக் காசு தேவைப்படுகிறது. காரணம் தெரியும்வரை பொறுங்கள்.

காரணத்தைக் கேளுங்கள், ஆனால் சரியான கேள்வியைக் கேளுங்கள்

இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் வரும் ஆலோசனைகளில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கானவை. அங்கே விண்ணப்பத்தை மறுத்தால் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், என்ன காரணம் என்று சொல்ல வேண்டும், அல்லது கேட்டால் தருவோம் என்று எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கடன் கட்டும் ஒழுங்கை அளக்க அவர்கள் வைத்திருக்கும் ஃபைகோ புள்ளி 300 முதல் 850 வரை; அது இங்கே செல்லாது. டொரொன்டோவிலோ நியூ ஜெர்சியிலோ பத்து வருடம் கார்ட் வைத்து ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டியவர் கொழும்புக்குத் திரும்பி வந்தால், கிரிப்பைப் பொறுத்தவரை அவர் நேற்றுப் பிறந்த பிள்ளை. கடிதம் வரும் என்று அந்தக் கட்டுரைகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வங்கியின் ஹொட்லைனில் "ஏன் ரிஜெக்ட் பண்ணினீர்கள்" என்று கேட்டால் "உள்ளகக் கொள்கை" என்ற பதிலோடு அழைப்பு முடிந்துவிடும். அதை விட்டுவிட்டு, ஆம் இல்லை என்று பதில் வரக்கூடிய மாதிரிக் கேளுங்கள். ஆவணம் ஏதாவது குறையா? வேலை உறுதிப்படுத்தல் முடிந்ததா, அல்லது அலுவலகத்தைப் பிடிக்க முடியாமல் நிறுத்திவிட்டீர்களா? கிரிப் அறிக்கையில் எதையாவது பார்த்து மறுத்தீர்களா, அல்லது வருமானம் போதாதா? மறுபடி விண்ணப்பிக்க எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? இப்படிக் கேட்டால் எதிர்முனையில் இருக்கும் பிள்ளை முழுக் காரணத்தையும் சொல்லாவிட்டாலும், "வெரிஃபிகேஷன் முடியல்ல அண்ணா" என்று ஒரு நூல் கிடைக்கும். அதுவே போதும்.

தொலைபேசியில் பதில் வராவிட்டால் விண்ணப்ப இலக்கத்தைப் போட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். எழுத்தில் கேட்பது பின்னால் முறைப்பாடு செய்யவும் உதவும்.

உங்கள் கிரிப்பை நீங்களே எடுத்துப் பாருங்கள்

"கிரிப் சுத்தம்" என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பார்த்தீர்களா?" என்பதுதான். அனேகர் பார்த்ததில்லை. கடன் எதுவும் நிலுவையில் இல்லை, ஆகவே சுத்தம் என்று தாங்களே முடிவு கட்டியிருப்பார்கள். அல்லது வங்கியில் தெரிந்த ஒருவர் வாயால் சொல்லியிருப்பார்.

கிரிப் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அமைப்பு. வங்கிகளும் நிதி, லீசிங் கம்பனிகளும் தங்கள் கடன் தகவலை அங்கே அனுப்புகின்றன. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே எடுக்கலாம். அதற்கு "மைரிப்போர்ட்" என்று பெயர். கட்டணம் கட்டி இணையத்திலேயே எடுப்பதுதான் வசதி. அடையாள அட்டையோடு கோட்டையில் சேர் பாரன் ஜயதிலக மாவத்தையில் இருக்கும் அலுவலகத்துக்கும் போகலாம், வங்கி வழியாகவும் கேட்கலாம். இருநூறு ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன் என்று முகநூலில் விளம்பரம் போடுகிறவர்களிடம் அடையாள அட்டைப் படத்தைக் கொடுக்காதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது புள்ளியை. கிரிப் புள்ளி 250 முதல் 900 வரை போகும், கூடினால் நல்லது. சரி, பார்த்தாயிற்று. இனிப் பக்கத்தைப் பின்னால் திருப்பி இவற்றைத் தேடுங்கள்.

பிணை. நீங்கள் கடன் எடுக்கவில்லை. ஆனால் மச்சான் முச்சக்கரவண்டி லீசிங் எடுத்தபோது கையெழுத்து வைத்தீர்கள். 2009க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் லீசிங் கம்பனிகள் தெருவுக்குத் தெரு கிளை திறந்த காலத்தில் இப்படிப் பிணை நின்றவர்கள் ஏராளம். அவர் தவணை பிந்தினால் அது உங்கள் அறிக்கையிலும் பிணையாளி என்ற தலைப்பின் கீழ் தெரியும். அவர் ஒழுங்காகக் கட்டினாலும்கூட, நாளைக்கு அந்தக் கடன் உங்கள் தலையில் விழலாம் என்று வங்கி கணக்கில் எடுக்கக்கூடும். உறவில் இதைப் பேசுவது சங்கடம்தான். இருந்தாலும் தவணை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாவிக்காத கார்ட். சம்பளக் கணக்கு திறந்தபோது சும்மா கிடைத்த கார்ட் ஒன்று அலுமாரிக்குள் கிடக்கும். முதல் வருடக் கட்டணம் இலவசம், இரண்டாம் வருடம் கட்டணம் விழும், பில் பழைய முகவரிக்குப் போகும், பிந்திய கட்டணம் அதன் மேல் ஏறும். தொகை சிறியது, ஆனால் அறிக்கையில் நிலுவை நிலுவைதான். வெட்டிக் குப்பையில் போட்டால் கார்ட் மூடப்படாது. எழுத்தில் மூடச் சொல்லி, மீதி ஒன்றும் இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும்.

முடித்த கடன், முடியாத மாதிரி. நகை அடகு வைத்தாவது லீசிங்கை அடைத்திருப்பீர்கள். ஆனால் அறிக்கையில் இன்னும் திறந்திருக்கும். நிறுவனங்கள் தகவலை மாதாந்தம் அனுப்புவதால் அண்மையில் அடைத்தது தெரியக் கொஞ்ச நாள் பிடிக்கும். மாதங்கள் பல கழிந்தும் அப்படியே இருந்தால் அது பிழை. பிழையைத் திருத்துவது தகவல் அனுப்பிய நிறுவனம்தான். கிரிப் தானாக அழிக்காது. ஆகவே அடைத்த ரசீதோடு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள், கிரிப்பிலும் ஆட்சேபம் பதியுங்கள்.

திரும்பிய காசோலை. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிய காசோலைகளின் விபரமும் இதே அறிக்கையில் வரும். புறக்கோட்டையில் வியாபாரம் செய்கிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஒன்றுமே இல்லாத அறிக்கை. இதைத்தான் பலர் சுத்தம் என்கிறார்கள். சேமிப்புக் கணக்கோ நிலையான வைப்போ அங்கே வராது. எவ்வளவு சேர்த்திருந்தாலும், கடனே எடுக்காத ஆள் எப்படிக் கட்டுவார் என்று வங்கிக்குத் தெரிய வழியில்லை. கெட்ட பெயரும் இல்லை, நல்ல பெயரும் இல்லை. சில வங்கிகளுக்கு அதுவே மறுக்கப் போதும். கடன் வாங்காமல் வாழ்வதைப் பெருமையாக வளர்க்கப்பட்டவர்களுக்கு இது எரிச்சலான செய்தி. எனக்கும் எரிச்சல்தான்.

பெயர், ஐசி, முகவரி

என் மேசையில் பார்த்த அளவில், அறிக்கை நன்றாக இருந்தும் மறுக்கப்படுகிறவர்களில் அனேகரின் சிக்கல் இங்கேதான். அதிலும் தமிழ்ப் பெயர் என்றால் இரட்டிப்பு.

படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு அப்படி ஒன்று இல்லை. அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். அந்தக் கட்டத்தில் ஒருமுறை அப்பா பெயரையும் இன்னொருமுறை சொந்தப் பெயரையும் எழுதினால், இரண்டு வங்கியில் இரண்டு ஆள் ஆகிவிடுகிறீர்கள். கல்யாணம் முடித்த பெண்களுக்கு இன்னும் கஷ்டம்: சேமிப்புக் கணக்கு அப்பாவின் முதலெழுத்தோடு, சம்பளச் சிட்டை கணவரின் முதலெழுத்தோடு. அடுத்தது ஆங்கில எழுத்து. பழைய லேமினேட் அடையாள அட்டையில் ஆங்கிலம் கிடையாது. ஆகவே கணக்குத் திறந்த அன்று கவுண்டரில் இருந்தவர் எப்படி எழுதினாரோ அதுதான் உங்கள் பெயர். "த" வருமிடத்தில் ஒருவர் டி மட்டும் போடுவார், இன்னொருவர் டி-எச் போடுவார். "ழ" வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2017இல் வந்த புதிய ஸ்மார்ட் அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கிறது. அதை எடுத்து, மற்ற எல்லாவற்றையும் அதன்படி மாற்றுவதே என் ஆலோசனை. மாற்ற ஒரு நாள் லீவு போகும், போகட்டும்.

அடுத்தது ஐசி, அதாவது அடையாள அட்டை இலக்கம். 2016 முதல் புதிய அட்டைகளில் 12 இலக்கம். அதற்கு முன் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். இரண்டும் ஒரே ஆள்தான்: பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, அதன் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வந்துவிடும். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அட்டையைப் புதுப்பித்திருந்தால், வங்கிக் கணக்கிலும் பழைய லீசிங்கிலும் அலுவலகக் கோப்பிலும் எது இருக்கிறது என்று பார்த்து, எல்லா இடத்துக்கும் புதியதைக் கொடுங்கள். படிவத்தில் புதிய இலக்கம், இணைத்த வங்கிக் கூற்றில் பழைய இலக்கம் என்றால் இரண்டையும் குறிப்பிட்டு ஒரு சின்னக் கடிதம் வைத்துவிடுங்கள்.

முகவரி. அடையாள அட்டையில் கொக்குவில், இருப்பது பம்பலப்பிட்டியில் ஓர் அறை. கரண்ட் பில் வீட்டுக்காரரின் பெயரில். வீட்டுக்காரரோ வாடகை ஒப்பந்தம் எழுதவே விரும்பாதவர், அட்வான்ஸ் வாங்கியதோடு சரி. இந்த நிலையில் இருப்பவர்கள் நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் ஊர் முகவரியையும், கடிதத் தொடர்பு முகவரி என்ற கட்டத்தில் கொழும்பு முகவரியையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஊர் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் நிரந்தர முகவரிக்கு. கொழும்பு முகவரிக்கு உங்கள் வங்கிக் கூற்று அந்த முகவரிக்கு வருமாறு முதலே மாற்றி வைப்பது சுலபமான வழி. இரண்டு மூன்று மாதத்தில் அதுவே அத்தாட்சியாகிவிடும். கைத்தொலைபேசி மாதாந்தப் பில்லையும் சில இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறை மாறுகிறவராக இருந்தால், கார்ட் கைக்கு வரும்வரையாவது அந்த அறையில் இருங்கள்.

அலுவலகத்துக்கு வரும் அந்த அழைப்பு

இது யாரும் சொல்லித்தராத படி. நீங்கள் எழுதிக் கொடுத்த அலுவலக இலக்கத்துக்கு வங்கியிலிருந்து ஒருவர் எடுப்பார். கேட்பது கொஞ்சம்தான்: இன்னார் அங்கே வேலை செய்கிறாரா, என்ன பதவி, எப்போதிருந்து, நிரந்தரமா. முழு அழைப்பும் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் விண்ணப்பம் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்படி? வங்கி கேட்பது படிவத்தில் இருக்கும் முழுப் பெயரை. வரவேற்பில் இருப்பவருக்கு அந்த ஆளை "நேசன்" என்றுதான் தெரியும். அப்பா பெயரோடு சேர்த்துக் கேட்டதும் "அப்படி ஒருவரும் இல்லையே" என்று வைத்துவிடுகிறார். வங்கியின் குறிப்பில் "அங்கே வேலை செய்யவில்லை". அதற்குப் பிறகு எந்தக் கிரிப் காப்பாற்றும்? அல்லது அழைப்பு சாப்பாட்டு நேரத்தில் வரும், மணி அடித்து ஓயும். இரண்டு மூன்று முறை அப்படி ஆனால் கோப்பை மூடிவிடுவார்கள்.

அதனால் விண்ணப்பித்த அன்றே சம்பளப் பிரிவுக்கும் வரவேற்புக்கும் சொல்லி வையுங்கள், படிவத்தில் எழுதிய முழுப் பெயரோடு. எங்கள் தம்பி ஒருவர் சிறு தாளில் தன் முழுப் பெயரை எழுதி வரவேற்புத் தொலைபேசியிலேயே ஒட்டிவிட்டார். சிரித்தோம், ஆனால் வேலை நடந்தது. படிவத்தில் பொது இலக்கத்தோடு சம்பளப் பிரிவின் நேர் இலக்கத்தையும் எழுதுங்கள். சின்ன நிறுவனம், தரைத் தொலைபேசியே இல்லை என்றால், நிறுவனத்தின் வியாபாரப் பதிவுப் பிரதி ஒன்றை முதலாளியிடம் கேட்டு இணையுங்கள். இன்னொன்று: சம்பளத் தொகையைத் தொலைபேசியில் சொல்ல எல்லா நிறுவனமும் சம்மதிக்காது. நானும் உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் சொல்லமாட்டேன். அந்த அனுமதியை முதலே கொடுத்து வையுங்கள்.

வருமானக் கணக்கு

வேலை உறுதியாகாத தகுதிகாண் காலத்தில் விண்ணப்பிக்கவே வேண்டாம், உறுதிக் கடிதம் வரட்டும். உறுதியானவர்களுக்கும் கணக்கு இடிக்கலாம். கையில் 140,000 ரூபாய் வருகிறது என்று வைப்போம். அதில் 30,000 மேலதிக நேரம். வங்கி அதை முழுதாக எடுக்காது. சில இடங்களில் பாதி, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழித்த 8 சதவீதத்தைப் பார்த்தே நிலையான சம்பளம் எவ்வளவு என்று போட்டுவிடுவார்கள். ஆகவே கணக்கு 110,000இல் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் லீசிங் 22,000 போகிறது. ஏற்கனவே இரண்டு கார்ட், இரண்டிலும் சேர்த்து 400,000 கடன் எல்லை. "நான் அதில் பத்தாயிரம்தான் பாவிக்கிறேன்" என்பீர்கள். நாளைக் காலையில் முழு 400,000ஐயும் நீங்கள் செலவழிக்கலாம் என்பதுதான் வங்கியின் பயம். கிடைத்த எல்லை முழுவதையும் கடனாகவே பார்க்கிற இடங்கள் உண்டு.

இங்கே செய்யக்கூடியது நேரடியானது: பாவிக்காத கார்ட்டை மூடுங்கள், அல்லது எல்லையைக் குறைக்கச் சொல்லுங்கள். அது அறிக்கையில் மாறிய பிறகு விண்ணப்பியுங்கள். புதிய கார்ட்டில் கேட்கும் எல்லையையும் சிறிதாகக் கேளுங்கள். பிரிட்ஜ் ஒன்று வாங்குவதற்கு ஐந்து லட்சம் எல்லை எதற்கு?

சொந்தத் தொழில், ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்களுக்கு என் அனுபவம் குறைவு. ஆனால் ஒன்று நிச்சயம்: கையில் வாங்கும் காசு வங்கியின் கண்ணுக்குத் தெரியாது. வருமானம் ஒரே கணக்கில் விழட்டும். வியாபாரப் பதிவும் வரிக் கோப்பும் இருந்தால் பிரதியை வையுங்கள்.

மறுபடி கேட்பது

குறை எது என்று பிடித்துத் திருத்தியாயிற்று என்றால், புதுப் படிவத்துக்கு முன் மீள்பரிசீலனை கேட்டுப் பாருங்கள். வேலை உறுதிப்படுத்தல் தவறியது, ஆவணம் குறைந்தது போன்ற காரணமாக இருந்தால் பழைய விண்ணப்பத்தையே திறக்கும் வாய்ப்பு இருக்கிறது. கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"என் விண்ணப்பம் (இலக்கம், திகதி) ஏற்கப்படவில்லை என அறிவித்திருந்தீர்கள். என் தொழில் உறுதிப்படுத்தலுக்காக நீங்கள் எடுத்த அழைப்புக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என அறிகிறேன். சம்பளப் பிரிவின் நேர் இலக்கமும், தொழில் உறுதிக் கடிதமும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளும் இத்துடன் உள்ளன. விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கெஞ்சவும் வேண்டாம், வருடக்கணக்காக வாடிக்கையாளர் என்று வீரம் பேசவும் வேண்டாம். அதைப் படிப்பவருக்கு ஒரு பெட்டியில் சரி போடக் காரணம் கிடைத்தால் போதும்.

கடையின் சொந்த நிதிப் பிரிவு மறுத்திருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள்: அவர்களுடைய பழைய புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா? பல வருடத்துக்கு முன் தவணைக்கு எடுத்த டிவிக்குக் கடைசித் தவணைகளைப் பிந்திக் கட்டியிருந்தால், கிரிப்பில் தெரியாவிட்டாலும் கடைக்குத் தெரியலாம்.

கார்ட் உண்மையிலேயே வேண்டுமா?

கடை கார்ட் கேட்பவர்களில் பலருக்குத் தேவை ஒரே ஒரு பொருள். அதற்குச் சில மாதம் போராடுவதை விட, கையில் இருக்கும் வேறு வங்கிக் கார்ட்டுக்கு அதே கடையில் வட்டியில்லாத் தவணை இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அப்போதும் "கையில் காசு கொடுத்தால் என்ன விலை" என்று கேட்க மறக்காதீர்கள். வட்டி இல்லை என்பார்கள், ஆனால் காசுக்குக் கிடைக்கும் கழிவு அதில் போய்விடும், சிலவேளை நடைமுறைக் கட்டணம் வேறு. தவணையில் இல்லாத மீதித் தொகையைப் பிந்திக் கட்டினால் வரும் வட்டியும் பழைய மாதிரி இல்லை. 20 சதவீதம் என்று இருந்த உச்சவரம்பை மத்திய வங்கி 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டது; 2023இல் 28 சதவீதம் என்று மறுபடி ஒரு வரம்பு வைத்தது.

ஒன்றுமே இல்லாத அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கும் கிரெடிட் கார்ட். வைப்பில் ஒரு பங்கை எல்லையாகத் தருவார்கள், வருமானக் கேள்வி குறைவு. மாதம் ஒரு தடவை கீல்ஸிலோ காகில்ஸிலோ சாமான் வாங்கி, பில் வந்ததும் முழுதாகக் கட்டுங்கள். ஒரு வருடம் அப்படிப் போனால் அறிக்கையில் பேச ஏதாவது இருக்கும். கார்ட்டை மூடும்வரை அந்த வைப்பை உடைக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அம்மாவின் வைத்தியச் செலவுக்கு என்று ஒதுக்கிய பணத்தை இதற்குப் போடாதீர்கள்.

முறைப்பாடு

கார்ட் தா என்று வங்கியை யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. அது அவர்களின் வியாபார முடிவு. ஆனால் பிழையான தகவலைத் திருத்த மறுத்தால், கேட்ட கடிதத்துக்குப் பதிலே தராவிட்டால், நீங்கள் கேட்காத காப்புறுதியையும் கார்ட்டோடு சேர்த்துத் தள்ளப் பார்த்தால், அது வேறு கதை. முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து இலக்கம் வாங்குங்கள். அங்கே சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. தமிழில் எழுதலாம், தமிழிலேயே எழுதுங்கள். நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதி, அவர்கள் தந்த முறைப்பாட்டு இலக்கம், கிரிப் அறிக்கையில் பிழையான பக்கம் மட்டும், பணம் அடைத்த ரசீது ஆகியவற்றை இணையுங்கள். அறிக்கை முழுவதையும் அனுப்பத் தேவையில்லை, அதில் உங்கள் மச்சானின் லீசிங்கும் இருக்கிறது.